ஜிப்பை யார் மூடுவது

"ஜிப்பை விடு."

"ஏன்?"

"நான் மூடிக்கிறேன்."

அவள் கை ஜிப்பின் மேலேயே நின்றது. கேமராப் பையின் மூன்று பக்கமும் மூடியாயிற்று. கடைசிச் சாண் ஒன்றுதான் பாக்கி.

வெளியாருக்கு அது வெறும் ஜிப். இந்த வீட்டில் அப்படி இல்லை. வெளியிடத்துக்குப் படம் எடுக்கப் போகும்போது பையை யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். மூடுவது மட்டும் படம் எடுக்கப் போகிறவர்தான். மூடுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மூடிவிட்டால் அப்புறம் அது எங்கே, இது எங்கே என்று அடுத்தவர் மேல் பாயக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் அவள் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புகைப்பட வகுப்பு எடுக்கும்போது இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். சொல்லிவிட்டு, எல்லாரும் எழுதிக்கொள்கிறார்களா என்று ஒரு பார்வையும் பார்ப்பார்.

"இன்னிக்கு எடுக்கிறது நான்தானே?" என்றாள் அவள்.

"நீ லைட்டப் பாத்துக்கோ. எடுக்கிறத நான் எடுக்கிறேன்."

"இது எப்ப முடிவாச்சு?"

"ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன்."

"யோசனையா அது? எனக்குக் குறட்டைன்னுல்ல கேட்டுச்சு."

"அவன் சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தாம்மா," என்றது சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து ஒரு குரல். "குறட்டை விட்டுக்கிட்டுதான் யோசிப்பான். எழுந்து பாத்தா அடுத்தவங்க பென்சில் அவன் டப்பாவுல இருக்கும்."

அது கணவரின் அக்கா. அவள் அவரை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், இவர்களோடுதான் இருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்தில், பொய்யாக எரிந்த கடைகளையும் பொய்யாகத் தொலைந்த நகைகளையும் விசாரிக்கிற வேலை. அன்றைக்கு விடுப்பு. ஆனாலும் பார்வைக்கு விடுப்புக் கொடுக்கவில்லை. ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றபடி தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு அக்கா வைத்த பெயர் 'கவிஞர்'. ஒரு வரி கவிதை எழுதியதில்லை. போன வருடம் அடித்த முகவரி அட்டையில் தன் பெயருக்குக் கீழே 'ஒளிக்கவிஞர்' என்று தானே போட்டுக்கொண்டார். அன்று முதல் வீட்டுக்குள் அவர் கவிஞர்தான். கேலி என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"இது என்னோட இடம்," என்றாள் மனைவி. "நான் கண்டுபிடிச்ச இடம். அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? சாக்கடையப் போய்ப் படம் பிடிக்கப் போறியான்னு கேட்டீங்க."

"அப்ப அதோட பிரம்மாண்டம் எனக்குத் தெரியல."

"அப்ப அதச் சுவர்ல மாட்டப் போறாங்கன்னு தெரியல. அத சொல்லுங்க."

அதுதான் விஷயம். பூங்காவுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், பழைய குடிநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு நாள் இரும்பு மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவ்வழியே போன இவள் எட்டிப் பார்த்தாள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே வரிசை வரிசையாகத் தூண்கள். தண்ணீருக்குள் அதே தூண்கள் தலைகீழாக. அன்றிலிருந்து அந்தப் படம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தொட்டியின் பொறியாளர் ஒரு பெண்மணி. அந்த அம்மாளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை இறக்குவார்கள், அடியில் கணுக்கால் அளவு மட்டும் நிற்கும், அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினாள். அந்த நாள் இதுதான். நேற்று பொறியாளர் கூப்பிட்டுச் சொன்னார், படம் நன்றாக வந்தால் புது அலுவலகத்தின் முகப்பில் சுவர் முழுக்க மாட்டுவோம், கீழே எடுத்தவர் பெயர் போடுவோம் என்று. கவிஞருக்கு ராத்திரி யோசனை வந்தது அதற்குப் பிறகுதான்.

"சும்மா என்னோடது உன்னோடதுன்னு பேசாத," என்றார் கவிஞர். "சுவர் முழுக்கன்னா சாதாரணமா? ஒரு பேரு வேணும். உன் பேர யாருக்குத் தெரியும்?"

"போட்டாத்தானே தெரியும்."

"சரி சரி. பையில இருக்கிறத எல்லாம் வெளிய எடு."

"இப்பத்தானே அடுக்கினேன்!"

"ஒரு போஸ்ட் போடணும். என் பையில என்ன இருக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க."

"யாரு கேட்டா?" என்றார் அண்ணி.

"எல்லாரும்க்கா."

"எனக்குத் தெரிஞ்சு யாரும் கேக்கல."

காலையிலிருந்து குந்தி உட்கார்ந்து அடுக்கியதெல்லாம் வெளியே வந்தது. பழைய பனியன் துணியில் சுற்றிய லென்சுகள், ரப்பர் பேண்டு போட்ட பேட்டரிகள், தூணுக்குப் பின்னால் மறைத்து வைக்கிற ஃப்ளாஷ் விளக்குகள், அவை நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பைகள், ஸ்டாண்டுகள், அவருக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ். கவிஞர் கூடத்துத் தரையில் சாம்பல் நிறப் போர்வையை விரித்தார். ஒவ்வொன்றையும் அதன் மேல் கோடு பிடித்த மாதிரி வைத்தார். அரை அங்குலம் இடது பக்கம் நகர்த்தினார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி வலது பக்கம் நகர்த்தினார். வேலைக்கு ஆகாதவற்றையெல்லாம் அலமாரியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்.

"அது என்னடா?"

"திசைகாட்டிக்கா. பித்தளை."

"தொட்டிக்குள்ள போயி வடக்கு எதுன்னு தெரியாம அழப் போறியா?"

"இது ஒரு ஃபீல்க்கா."

"கூலிங்கிளாஸு?"

"அதுவும்தான்."

"உள்ள கும்மிருட்டுன்னு சொன்னாங்களே."

கவிஞர், ரசனை இல்லாதவர்களோடு பேசி என்ன பயன் என்கிற முகத்தோடு பூட்ஸ் ஜோடியைத் தூக்கினார். "இது எதுக்கு இங்க? மாட்டுக் கொட்டாயிக்கா போறோம்?" தன்னுடையதைக் கொண்டுபோய் பால்கனியில் வீசினார். அவளுடையது வாசலிலேயே இருந்ததால் தப்பித்தது. திரும்பி வந்து, போர்வையின் மேலிருந்த கறுப்புப் பொருள் ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார், செத்த கரப்பான்பூச்சியை எடுப்பது போல.

"இது என்ன, டேப்பு ஒட்டின அசிங்கம்?"

"ட்ரிகர். பேட்டரி மூடி உடைஞ்சிருக்கு, அதான் டேப்பு. கீழ போட்டு உடைச்சது நீங்கதான்."

கேமராவின் தலையில் செருகுகிற, தீப்பெட்டி மாதிரியான கருவி அது. கேமரா சொடுக்கும் அதே நொடியில், தூரத்தில் இருக்கிற ஃப்ளாஷ்களுக்கெல்லாம் 'எரி' என்று சொல்வது அதுதான். அது இல்லாவிட்டால் ஃப்ளாஷ்கள் பாட்டுக்கு நிற்கும், கேமரா பாட்டுக்குச் சொடுக்கும்.

"புதுசு வாங்குங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.

"வாங்கினேனே."

"நீங்க வாங்கினது தோல் வார். கழுத்துல மாட்டிக்க."

"அது எவ்வளவு எடுப்பா இருக்கு பாரு. இது ஃப்ரேமையே கெடுக்குது." ட்ரிகரை ஜன்னல் விளிம்பில் வைத்து, கண்ணில் படாமல் இருக்கத் திரையையும் இழுத்துவிட்டார். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று கைப்பேசியில் படம் எடுத்தார். இறங்கினார், லென்ஸைத் துடைத்தார், மறுபடி ஏறினார். 'இருளை ஒளியால் எழுதப் போகிறேன்' என்று ஒரு வரி தட்டினார். அனுப்பிவிட்டு, போர்வையில் இருந்ததையெல்லாம் வாரிப் பையில் போட்டார். பனியன் துணி ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். திசைகாட்டி மேலாக. ஜிப்பைச் சர்ரென்று இழுத்து மூடினார். உள்ளே ஒருமுறை பார்க்கவில்லை. வகுப்பில் சொல்வதற்கும் வீட்டில் செய்வதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

அவள் திரையை விலக்கினாள். ட்ரிகர் அங்கேயே உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு பால்கனி வாசல் வரை போனாள். அவரிடம் கொடுத்துவிடத்தான் போனாள்.

"ஆமா, கான்செப்ட் என்னோடதுதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் கவிஞர், கம்பியில் சாய்ந்தபடி. "ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டிருந்தது... யாரு, அவளா? வருவா வருவா. லைட்டு பிடிக்க ஆள் வேணும்ல? நல்லாத்தான் பிடிப்பா, ஸ்டாண்டு மாதிரி. இன்னும் சொல்லப்போனா ஸ்டாண்டவிட மேல். காத்தடிச்சா ஸ்டாண்டு விழுந்துடும், இவ விழமாட்டா." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தப் பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சிரித்தார். அவர் காலடியில் ரப்பர் பூட்ஸ் குப்புறக் கிடந்தது.

அவள் பூட்ஸைப் பார்த்தாள். அவருடைய முதுகைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். ட்ரிகரைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தன் பழைய கேமராவை, 'டப்பா' என்று அவர் சொல்கிற அதை, துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டினாள்.

அண்ணியின் ரொட்டி வாய்க்கும் டீ டம்ளருக்கும் நடுவில் நின்றது.

"என்னம்மா எடுத்து வச்ச?"

"என்னோடத, அண்ணி."

"கால்சட்டைப் பைக்குள்ள போட்டது?"

"அது ஜன்னல்ல இருந்தது."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"ஜிப்புதான் மூடியாச்சே."

அண்ணி ரொட்டியைக் கடித்தார். மென்றார். "அதுவும் சரிதான்," என்றார்.

காரை அவள்தான் ஓட்டினாள். கவிஞர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, புத்தம் புது வெள்ளை ஷூ. சேற்றுக்குள் போகிற மனிதர்.

"பிச்சுக்கிட்டுப் போகுது," என்றார். "அருமை, அற்புதம், பிரமாதம்... ஒருத்தன் மட்டும் கேக்குறான் பாரு, 'சார், ட்ரிகர் எங்கே?'ன்னு. எதுலயாவது நொட்டை சொல்லலேன்னா இவனுங்களுக்குத் தூக்கம் வராது."

"என்ன பதில் போட்டீங்க?"

"பிளாக் பண்ணிட்டேன்."

"அவன் கேட்டது நல்ல கேள்விதானே? எங்கேன்னு ஒரு தடவ பாத்துடலாமே."

"நீதானே அடுக்கின?"

"நீங்கதானே மூடினீங்க?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

பூங்காவின் மூலையில் கொட்டகை மாதிரி ஒரு சின்னக் கட்டடம். பொறியாளர் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"வாங்க சார், வாங்க மேடம். சீக்கிரம் ஆரம்பிச்சுடுங்க. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சதும் தண்ணியத் திறந்து விட்டுடுவோம். அடுத்த தடவ இறக்கும்போது நான் ரிட்டையராகி வீட்டுல உக்காந்திருப்பேன்."

இரும்புப் படியில் இறங்கினார்கள். அடியில் ஒரு மேடை. மேடைக்கு அப்பால் இருட்டு. பொறியாளர் டார்ச்சை வீசினார். தூண்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது, பிடிவாதமாக, யாரோ துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். எட்டிப் பார்த்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"பரவாயில்லையே," என்றார் கவிஞர்.

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். எந்தத் தூணுக்குப் பின்னால் எந்த விளக்கு என்பது அவளுக்கு மனப்பாடம். அடி மெதுவாக வைத்தாள். ஒவ்வொரு ஸ்டாண்டாக நட்டு, தூணின் நிழலுக்குள் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். கவிஞர் மேடையில் நின்றபடியே கேமராவை முக்காலியில் மாட்டினார். கழுத்தில் தோல் வார் ஆடியது.

பையைத் திறந்தார். கையை விட்டுத் துழாவினார். திசைகாட்டி வந்தது. கூலிங்கிளாஸ் வந்தது. பையைக் கவிழ்த்தார்.

"ட்ரிகர் எங்க?"

அவள் மேடையோரம் தண்ணீரில் நின்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ட்ரிகர் எங்கேன்னு கேட்டேன்!" தொட்டி அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு ஓய்ந்தது. கவிஞர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம்? ஒரு பை அடுக்கத் தெரியல. இந்த மாதிரி ஆளுங்கள வச்சுக்கிட்டு நான் எப்படி வேலை செய்யறது, சொல்லுங்க."

"ட்ரிகர்னா எது சார்? மேடம் முன்ன ஒரு தடவ வந்து ஒரு லைட்ட மட்டும் எரிச்சுப் பாத்தாங்களே, டேப்பு ஒட்டினது, அதுவா?"

"அதேதான்."

"காலையில நீங்க போட்ட படத்த நானும் பாத்தேன் சார். கூலிங்கிளாஸெல்லாம் இருந்தது. அது இல்லையே."

கவிஞர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் ஜன்னல் விளிம்பும் திரையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஜிப்பு யாரு மூடினது?" என்றாள் அவள், தண்ணீரில் நின்றபடி.

"இப்ப அதா முக்கியம்? வேற வழி இருக்கு. நான் இங்க ஷட்டரைத் திறந்து வச்சுக்கிறேன். நீ ஒவ்வொரு லைட்டா போயி, கையாலயே அழுத்து. எரியறதெல்லாம் ஒரே படத்துல சேந்துடும்."

"நல்ல வழிதான். ஆனா அழுத்துற ஆளா நான் வரலையே. நீங்க இறங்குங்க, நான் ஷட்டரைத் திறந்து வச்சுக்கிறேன்."

கவிஞர் தண்ணீரைப் பார்த்தார். அடியில் படிந்திருந்த சேற்றைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார்.

"ஷூ வெள்ளை," என்றார்.

"பூட்ஸ் எடுத்து வச்சிருந்தேனே."

அதுவும் ஞாபகம் வந்தது. இந்த முறை வாயைக்கூடத் திறக்கவில்லை. பொறியாளரைப் பார்த்துக் குழைவாகச் சிரித்தார். "மேடம், ஒண்ணு செய்யலாமா? இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"இன்னொரு நாளா? சார், நான் என்ன சொன்னேன்?"

"இல்ல, அவசரப்பட்டு எடுத்தா கலை வராது. படம் இல்லேன்னாலும் பரவாயில்ல."

பரவாயில்லையாம். அதுவரை அவள் மனதில் கொஞ்சம் இருந்த தயக்கமும் அந்தச் சொல்லோடு போயிற்று. படத்தைத் தான்தான் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதராயிருந்தாலாவது ட்ரிகரைக் கொடுத்திருப்பாளோ என்னவோ. இவருக்கு வேண்டியிருந்தது சுவரில் பெயர். அதைவிடவும் ஷூ.

மேடையில் ஏறினாள். கால்சட்டைப் பையிலிருந்து ட்ரிகரை எடுத்தாள்.

"இத எங்க வச்சிருந்த நீ?"

"நீங்க வச்ச இடத்துலேருந்து எடுத்தேன்."

"குடு."

"எதுக்கு?"

"கேமராவுல மாட்ட!"

"மாட்டத்தான் போறேன்." அவருடைய கேமராவை முக்காலியிலிருந்து கழற்றி, தோல் வாரோடு அவர் கையில் கொடுத்தாள். துணிப்பையிலிருந்த டப்பாவை எடுத்து மாட்டினாள். ட்ரிகரை அதன் தலையில் செருகி, டேப்பை ஒரு அழுத்து அழுத்தினாள்.

"எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்றியே," என்றார் கவிஞர் தணிந்த குரலில்.

"எல்லார் முன்னாடியும்தானே என்னப் பை அடுக்கத் தெரியாதவன்னு சொன்னீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃப்ரேமைக் கெடுக்குறீங்க."

பொறியாளர் இருமினார். சிரிப்பை இருமலாக்கத் தெரிந்தவர் போலிருக்கிறது.

தண்ணீர் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் நடந்ததில் எழுந்த அலை கடைசித் தூணைத் தொட்டுத் திரும்பி வந்து, கரைந்து, மறைந்தது. சொடுக்கினாள்.

தூண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. மேலே ஒரு மண்டபம், கீழே ஒரு மண்டபம். கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடி இருட்டு. ஆனால் கேமராவின் சின்னத் திரையில் அது இருந்தது. பொறியாளர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் நான் இத்தனை வருஷமா வந்து போறேனா?" என்றார்.

கவிஞரும் எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் டார்க்கா வச்சிருக்கலாம்," என்றார்.

சாப்பாட்டு மணி அடிக்கும் வரை எடுத்தாள். விளக்குகளைத் துடைத்து, லென்ஸைப் பனியன் துணியில் சுற்றி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். உள்ளே ஒருமுறை பார்த்தாள். ட்ரிகர் இருந்தது. திசைகாட்டியை எடுத்துக் கவிஞர் கையில் கொடுத்தாள்.

"கீழ யாரு பேரு போடணும்?" என்று கேட்டார் பொறியாளர்.

"ரெண்டு பேர் பேரும் போட்டா—" என்று ஆரம்பித்தார் கவிஞர்.

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என் பேரு மேடம்," என்றாள். "எழுத்துக்கூட்டி அனுப்பி வைக்கிறேன்." பிறகு கணவரிடம், "பையத் தூக்குங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணிதான் கதவைத் திறந்தார். முதலில் வந்தது பை. பைக்குப் பின்னால் கவிஞர். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கணுக்கால் வரை சேறு அப்பிய பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு அவள்.

"எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டார் அண்ணி.

"பிரமாதமா வந்திருக்குக்கா. எடுத்தோம்."

அண்ணி பொய்யாக எரிந்த கடையைப் பார்ப்பது போலத் தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சட்டையில் நின்றார். கால்சட்டையில் நின்றார். ஷூவில் வந்து நின்றார். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே பளிச்சென்று இருந்தது.

"எடுத்தோமா?" என்றார். "ஷூ பால் மாதிரி இருக்கேடா. அப்ப எடுத்தது நீ இல்ல."